நடுவே நிறுத்தப்பட்ட குழந்தை: திண்டிவனம் வட்டாரத்திலிருந்து சில தலைமைத்துவப் பாடங்கள்

தலைமைத்துவம் என்றவுடன் மேடை, நிர்வாகம், தேர்தல் ஆகியவையே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. தங்களுள் யார் பெரியவன் என்று சீடர்கள் வாதாடியபோது, ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். தலைமை பற்றிய வினாவுக்கு அங்கே விடையாக வைக்கப்படுவது ஒரு குழந்தை. எனவே, குழந்தைகளின் உரிமைக்காக உழைப்போரிடம் தலைமைத்துவத்தைக் கற்பது திருப்பணியாளருக்குப் புறம்பான காரியம் அன்று. விழுப்புரம் மாவட்டத்தில், சிறப்பாகத் திண்டிவனம் வட்டாரத்தில் நடைபெற்ற பணியொன்றைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சூழ்நிலை

இம்மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் இருளர் குடியிருப்புகள் சிதறிக் காணப்படுகின்றன. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவர்களாக அரசு வகைப்படுத்தியுள்ள 6 பழங்குடியினருள் இருளரும் அடங்குவர். நிலமற்ற இம்மக்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு செங்கற்சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல் முதலிய வேலைகளுக்குக் குடும்பத்தோடு செல்வது நெடுங்கால வழக்கம். சூளையில் கூலி, அறுத்த கற்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே குழந்தையின் கையும் தானாகவே கூலிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பள்ளி ஆண்டின் நடுவில் குடும்பம் பெயரும்போது, அக்குழந்தையின் பெயர் மட்டுமே வருகைப் பதிவேட்டில் எஞ்சுகிறது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும், சட்டத்திற்கும் குடிசைக்கும் இடையே உள்ள தொலைவைச் சட்டம் தானே நடந்து கடப்பதில்லை. அதனை நடந்து கடப்பவரே தலைவர்.

நான்கு பாடங்கள்

முதலாவது, உடனிருத்தல். திண்டிவனத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிய பிரபா கல்விமணி இப்பணியின் முன்னோடிகளுள் ஒருவர். 1993இல் விழுப்புரம் வட்டாரத்து இருளர் இளம்பெண் ஒருவர் காவலர்களால் வன்முறைக்குள்ளாக்கப்பட்ட வழக்கில் அவர் துணைநின்றார். அப்பணி அவ்வழக்கோடு முடியவில்லை. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. ஒரு கொடுமையைக் கண்டு வெகுண்டெழுவோர் பலர். அக்கொடுமை செய்தித்தாளிலிருந்து மறைந்த பின்னும் அவ்விடத்திலேயே தங்கியிருப்போர் சிலரே. மூன்றாண்டுக்கு ஒருமுறை சேகரம் மாறும் நம் ஆயர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். தாம் தொடங்கிய பணியைத் தமக்குப் பின் வருபவரிடம் ஒப்படைக்கும் ஒழுங்கும் உடனிருத்தலின் ஒரு வகையே.

இரண்டாவது, சிறு காரியங்களில் உண்மையாயிருத்தல். இருளர் குழந்தை மேற்கல்வியையும் உதவித்தொகையையும் பெறப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தேவை. அதனை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பெற்றோரிடம் சான்று இல்லாவிடில் பிள்ளைக்கும் கிடைப்பது அரிதாகிறது. ஒரு தலைமுறையின் இல்லாமை அடுத்த தலைமுறையின் குற்றமாகிவிடுகிறது. கொத்தடிமையாயிருந்தவருக்கு விடுதலைச் சான்று தரும் அதிகாரமும் இதே அலுவலரிடம் உள்ளது. ஆகவே இப்பணியின் பெரும்பகுதி முழக்கமன்று. மனு எழுதுதலும், காத்திருத்தலும், மீண்டும் செல்லுதலுமே. புகழ் தராத இவ்வுழைப்பை இழிவாக எண்ணுபவர் சிறியோருக்குத் தலைவராக இயலாது.

மூன்றாவது, குழந்தையைக் குடும்பத்தினின்றும் மொழியினின்றும் பிரித்துப் பாராமை. தந்தையின் கடன் தீராமல் மகளின் படிப்பு நிலைக்காது. எனவேதான் கல்விக்கான உழைப்பும் கூலிக்கான உழைப்பும் இங்கே ஒன்றாயின. திண்டிவனத்தை அடுத்த ரோசனையில் நடைபெற்ற தாய்த்தமிழ்ப் பள்ளி, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியிலேயே கல்வி தர முனைந்தது. அமைப்பு உதவி நிறுவனமாக அன்றிச் சங்கமாக அமைந்ததும் கருதத்தக்கது. உதவி பெறுவோர் வரிசையில் நிற்பர். சங்கத்தில் உறுப்பினர் கூடிப் பேசுவர்.

நான்காவது, எல்லை கடத்தல். முதல் உலகப் போருக்குப் பின் 1919இல், எதிரி நாடாகிய ஆஸ்திரியாவின் பட்டினிக் குழந்தைகளுக்காகத் துண்டறிக்கை வழங்கிய எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கு லண்டனில் அபராதம் விதிக்கப்பட்டது. குழந்தை உரிமைகள் பற்றி அவர் வரைந்த அறிக்கையை 1924இல் சர்வதேச சங்கம் ஏற்றுக்கொண்டது. பிறருடைய குழந்தையைத் தன் பொறுப்பாகக் கண்டதே அவருடைய தலைமை.

நமக்குரிய வினா

இந்நான்காம் பாடமே நம்மை வருத்துவது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மிஷனெரிகள் நிறுவிய பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தன என்பதை நன்றியுடன் நினைவுகூருகிறோம். ஆனால் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பொருத்தம் குறித்து அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வே 2025இல் ஐயம் எழுப்பியுள்ளது. முடிவு எதுவாயினும், சிறுபான்மை உரிமை எதற்காக நமக்குத் தரப்பட்டது என்ற வினா எஞ்சுகிறது. ஏரிக்கரைக் குழந்தையை வாயிலில் நிறுத்துவதற்கு அவ்வுரிமை பயன்படுமாயின், நாம் வழக்கில் வென்று சாட்சியில் தோற்றவர்களாவோம். இன்னும் கடினமான நிலையும் உண்டு. முன்பணம் கொடுக்கும் சூளை உரிமையாளர் நம் சபையின் காணிக்கைதாரராக இருக்கக்கூடும். அந்நாளில் ஆயர் யாருடைய ஆயர் என்பது வெளிப்படும்.

ஆகவே, ஒவ்வொரு சேகரத்திலும் மூன்று காரியங்களைச் செய்யலாம் எனக் கருதுகிறோம். சபையைச் சேராதோர் உட்பட, பள்ளிக்கு வெளியே உள்ள குழந்தைகளைக் கணக்கெடுத்தல். சான்றிதழ் இல்லாதோருடன் சார் ஆட்சியர் அலுவலகம்வரை செல்லுதல். சபைப் பள்ளிகளில் அவர்களுக்கு இடம் ஒதுக்குதல். இறையியல் மாணவரின் களப்பணியிலும் இவற்றைச் சேர்த்தல் தகும். நடுவே நிறுத்தப்பட்ட குழந்தை இன்னும் அங்கேயே நிற்கிறது. நம் வாதங்களை நிறுத்திவிட்டு அதன் பெயரைக் கேட்டறிவதே தலைமையின் முதற்படி.