தகர டப்பா பூந்தொட்டி ஆகும்போது

"ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும்" என்று ஒரு பழமொழி உண்டு. பட்டும் படாமலும் நடந்துகொள்பவரைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்வது. அந்தப் பழமொழிக்குப் பொருத்தமான பண்டம் ஒன்று நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. அதுதான் காலியான பால்பவுடர் டப்பா.

வலையபட்டியானாலும் காரைக்குடியானாலும், செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டில் காலி டப்பா எளிதில் குப்பைக்குப் போவதில்லை. எண்ணெய் டின்னில் கறிவேப்பிலைக் கன்று, பால்பவுடர் டப்பாவில் துளசி, அதைவிடச் சிறியதில் ஒரு கற்றாழை என்று அவை மறுபிறவி எடுக்கின்றன. வண்ணம் தீட்டி வரிசையாக வைத்தால் முகப்புத் திண்ணைக்கே ஓர் அழகு வந்துவிடும். காசு செலவில்லை, குப்பையும் குறைகிறது.

ஆனால் சில மாதங்களில் என்ன நடக்கிறது? டப்பாவின் அடி பழுப்பேறி உதிர்கிறது. தரையில் துருக்கறை வட்டமாகப் படிகிறது. சில வேளைகளில் அதற்கு முன்பே செடி வாடிவிடுகிறது. "கைராசி இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. துரு, நீர், வெப்பம் ஆகிய மூன்றின் கணக்கு இது. கணக்குத் தெரிந்தால் டப்பாவும் நீடிக்கும், செடியும் பிழைக்கும்.

தகரம் என்பது என்ன?

முதலில் டப்பாவை எடைபோட்டுப் பார்ப்போம். 7.5 செ.மீ. விட்டமும் 11 செ.மீ. உயரமும் உள்ள டப்பா ஒன்றைக் கருதுக. அதன் சுவர் ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு. கணக்கிட்டால் எஃகின் எடை சுமார் 55 கிராம் வரும். அதன் உள்ளும் புறமும் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு பக்கத்தில் 2.8 கிராம் என்பது வழக்கமான பூச்சுகளில் ஒன்று. அந்தக் கணக்கில் டப்பா முழுவதிலும் உள்ள வெள்ளீயம் 0.2 கிராம்தான். பத்து அரிசி மணிகளின் எடை! பூச்சின் தடிப்போ 0.4 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரான் என்று கொண்டால், இந்தப் பூச்சு அதில் நூற்றியெண்பதில் ஒரு பங்குதான்.

பழமொழி சொன்னது சரிதானே? பூசியிருக்கிறது; பூசாதது போலவும் இருக்கிறது.

இந்த வெள்ளீயத்துக்கும் செட்டிநாட்டுக்கும் பழைய உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் எடுக்கப்பட்ட நாடு மலாயா. அங்கே கடை வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், ரப்பர்த் தோட்டங்களுக்குப் போலவே வெள்ளீயச் சுரங்கத் தொழிலுக்கும் கடன் கொடுத்தார்கள். உணவை வெள்ளீயம் பூசிய இரும்புக் கலத்தில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் உரிமம் பெற்றது 1810-இல். உலகம் டப்பா உணவுக்குப் பழகப் பழக, மலாயா வெள்ளீயத்துக்கும் மதிப்பு ஏறியது.

பித்தளையில் காவலன், இரும்பில் எதிரி

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் வருவது இன்று அருகிவிட்டது. அவர் பூசியதும் இதே வெள்ளீயந்தான். புளிக்குழம்பு பித்தளையில் களிம்பேறாமல் அது காத்தது. பூச்சில் ஆங்காங்கே கீறல் விழுந்தாலும் கீழே உள்ள பித்தளை உடனே கெட்டுவிடுவதில்லை. ஆனால் அதே வெள்ளீயம் பூசிய டப்பாவில் ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்தில் துரு ஓடி வருகிறது. ஏன் இந்த வேறுபாடு?

விடை உலோகங்களின் மின்னழுத்த வரிசையில் இருக்கிறது. ஹைட்ரஜனைச் சுழியாக வைத்து அளந்தால், துத்தநாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44, வெள்ளீயம் -0.14, செம்பு +0.34. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிறது. வரிசையில் கீழே, அதாவது கூடுதல் எதிர்க்குறி மதிப்புடன் இருக்கும் உலோகம் எலெக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது, மற்றது பிழைக்கிறது.

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் கரைவது வெள்ளீயம். பித்தளைக்காக அது தன்னையே தேய்த்துக்கொள்கிறது. இரும்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் கரைவது இரும்பு. அதுவும் எப்படி? எலெக்ட்ரானை வாங்கும் வெள்ளீயப் பரப்பு டப்பா முழுவதும் விரிந்திருக்கிறது. கொடுக்கும் இரும்போ கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தெரிகிறது. ஊரே கூடி ஒரே வீட்டில் கடன் கேட்பது போல, அரிப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. வெள்ளீயம் முழுமையாக மூடியிருக்கும் வரையில் அது இரும்புக்குப் போர்வை. கிழிந்துவிட்டால் அதுவே பகை.

உணவு அடைத்து மூடிய டப்பாவுக்குள் இந்த வரிசை தலைகீழாகிறது என்பது வியப்பான செய்தி. உணவில் உள்ள கரிம அமிலங்கள் கரைந்த வெள்ளீய அயனிகளைப் பிடித்துக் கட்டிப்போடுகின்றன. அதனால் வெள்ளீயத்தின் மின்னழுத்தம் இரும்புக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆக்ஸிஜனும் அங்கே இல்லை. எனவே மூடிய டப்பாவில் வெள்ளீயம் இரும்பைக் காக்கிறது. திறந்து, மண் நிரப்பி, தண்ணீர் ஊற்றிய டப்பாவில் கைவிடுகிறது. நாம் தொட்டியாக்கும்போது, டப்பாவை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு நேர் எதிரான சூழலில் வைக்கிறோம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டப்பாத் தகட்டில் இரண்டு துண்டுகளும், துத்தநாகம் பூசிய பழைய வாளியிலிருந்து ஒரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். விளிம்புகளை மெழுகுவர்த்தி மெழுகால் மூடிவிடுங்கள். டப்பாத் துண்டு ஒன்றிலும் வாளித் துண்டிலும் ஆணியால் ஆழமாகக் கீறுங்கள். மற்றதைக் கீற வேண்டாம். மூன்றையும் தனித்தனித் தட்டில் உப்புநீரில் வையுங்கள். ஓரிரு நாளில் கீறிய டப்பாத் துண்டில் கோட்டின் வழியே பழுப்புத் துரு படரும். கீறாதது பெரும்பாலும் அப்படியே இருக்கும். கீறிய வாளித் துண்டிலோ வெள்ளைப் பொடிதான் தோன்றும். துத்தநாகம் இரும்புக்கும் கீழே இருப்பதால், தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஓட்டை வாளி நல்ல பூந்தொட்டியாக நெடுநாள் உழைப்பதன் மர்மம் இதுவே.

உலோக அரிமானம் பற்றியும் ஆராயும் ஒரு நிறுவனம் நம் பகுதியில் இருப்பதை இங்கே நினைவுகூரலாம். கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேரு காரைக்குடியில் அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுவே 'சிக்ரி' என்று நாம் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கட்டடங்களின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு முறைகளை அது உருவாக்கியிருக்கிறது. அங்கே நடப்பதும் நம் டப்பாவில் நடப்பதும் அடிப்படையில் ஒரே போராட்டம்.

துளை எங்கே, எப்படி?

தொட்டிக்கு வடிகால் துளை வேண்டும். துளை என்றால் பூச்சு கிழிகிறது. துரு அங்கேதான் தொடங்கும். தவிர்க்க முடியாது, தள்ளிப்போடலாம்.

டப்பாவை மரப்பலகை மேல் வைத்து, நீண்ட ஆணியால் உள்ளிருந்து வெளியே துளையிடுங்கள். வெளியிலிருந்து அடித்தால் பிசிறு உள்ளே எழும்பி நின்று, அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். அடிப்பக்க மடிப்பை ஒட்டி நாலைந்து துளைகள் போடுவது நல்லது. நீர் முழுவதும் வடியும். பிறகு துளையின் ஓரங்களிலும், வெட்டிய மேல் விளிம்பிலும், உள்ளும் புறமும் ரெட் ஆக்ஸைடு பூசிக் காயவிட்டு, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடியுங்கள். வண்ணம் வெறும் அழகு அன்று. கிழிந்த போர்வைக்குப் போடும் ஒட்டு. டப்பாவைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் துண்டுகள் மேல் வைத்தால் அடிப்பக்கம் காற்றில் உலரும். ஈரம் இல்லாவிட்டால் மின்கலமும் இல்லை.

அடியில் கல் போடலாமா?

"நீர் வடிய அடியில் கூழாங்கல் போடு" என்று சொல்வது வழக்கம். இயற்பியல் இதை ஒப்புக்கொள்வதில்லை.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நீரில் நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும்! நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைக்கும் தந்துகி விசை குறிப்பிட்ட உயரம் வரையில்தான் நீரைத் தாங்கும். அந்த உயரத்துக்கு மேலே உள்ள நீர் வடிந்துவிடும். கீழே உள்ளது வடியாது. மண்ணும் அப்படியே. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு சேற்றுப் படலம் நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் தன்மையே அன்றித் தொட்டியின் உயரம் அன்று.

கல் போட்டால் என்ன ஆகும்? நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. சேற்றுப் படலம் கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்கு இருந்த இடமும் குறையும். எனவே கல் வேண்டாம். மண் கொட்டாதபடி துளைமேல் ஓர் ஓட்டுச்சில் அல்லது சிறிது தேங்காய் நார் வைத்தால் போதும். செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். குட்டை டப்பாவில் பாதிக்கு மேல் சேறாகவே இருக்கும். வேர் மூச்சுவிட இடமில்லாமல் அழுகும். அங்கே கற்றாழை போன்றவற்றுக்கு மணல் மிகுந்த கலவை வேண்டும். 15 கிலோ எண்ணெய் டின் ஓரடிக்கு மேல் உயரமானது. கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் அது ஏற்றது.

சித்திரை வெயில்

மண்தொட்டி நீரைக் கசியவிடுகிறது. கசிந்த நீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். தகரம் கசியாது. மேலும் உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தும். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்து நிற்கும் டப்பாவின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். இளம் வேர்கள் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடுகின்றன. மேலே தண்ணீர் ஊற்றியும் செடி வாடினால், வேர் சுட்டுப்போயிருக்கலாம்.

மருந்து எளியது. வெளிப்புறம் வெள்ளை அல்லது வெளிர் நிறம் பூசுங்கள். ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்குக் கறுப்பும் பூசிய இரண்டு டப்பாக்களில் நீர் வைத்து, நண்பகலில் வெப்பமானியால் அளந்தால் வேறுபாடு தெரியும். இன்னும் நல்ல வழி, சிறிய டப்பாவைப் பெரியதற்குள் வைத்து இடைவெளியில் தேங்காய் நார் திணிப்பது. நாரில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவரும் வெண்சுண்ணாம்புப் பூச்சும் மனிதருக்குச் செய்யும் உதவியை, இவை வேருக்குச் செய்கின்றன.

எவை ஆகா?

பூச்சிமருந்து டின்னை எந்தச் செடிக்கும் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் நம்பக்கூடாது. பழைய பெயின்ட் டப்பாவில் கீரையோ புதினாவோ வளர்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் காரீயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டப்பாக்களில் காரீயம் இருக்கக்கூடும். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பின்னது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. காந்தம் ஒட்டாத குளிர்பான டப்பா அலுமினியம். அது இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. ஆனால் மிக மெல்லியது, எளிதில் நசுங்கும். பழைய சாமான் கடையில் கொடுத்தால் உருக்கி மீண்டும் பயன்படுத்துவார்கள்.

இத்தனை செய்தும் ஒரு நாள் டப்பா உதிரத்தான் போகிறது. வருந்த வேண்டாம், துரு செடிக்கு நஞ்சன்று. துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்ஸைடு. நம் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்ஸைடுகளே. மண்ணிலிருந்து வெட்டியெடுத்துப் பிரித்த இரும்பு, நம் கண்முன்னே மீண்டும் மண்ணாகிறது. ஆனால் கூர்விளிம்பு கையைக் கிழிக்குமுன், செடியை வேர்மண்ணோடு வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, எஞ்சிய தகட்டைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த டப்பா அடுக்களையில் காலியாகிக்கொண்டிருக்கும்.