கரண்ட் எங்கே நிற்கிறது?

குட்டி ரயில் – தொடர்

பழைய மாடல் இன்ஜினை வாங்கியாயிற்று. தண்டவாளத்தில் வைத்தால் அசையவில்லை. உடனே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். செத்துவிட்டதாகச் சொல்லி விற்கப்படும் பல இன்ஜின்களில் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. கரண்ட்தான் அதுவரை போய்ச் சேரவில்லை.

முதலில், எந்தக் கரண்டில் ஓடும் இன்ஜின் என்று பாருங்கள். ஹார்ன்பி, டிரை-ஆங் டபுள்-ஓ இன்ஜின்களுக்கு 12 வோல்ட் டி.சி. ஜெர்மனியின் பழைய மார்க்லினுக்கு ஏ.சி. டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால் உறுமிக்கொண்டு நிற்கும், சூடேறிக் கருகும்.

டி.சி. இன்ஜின் என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். அதிலிருந்து இரண்டு ஒயர்களை மோட்டாரின் கார்பன் பிரஷ் முனைகளிலேயே நேராக வையுங்கள். சுற்றினால் குறை சக்கரத்தில். மயிலாடுதுறை மாதிரி ஊரில் இதுதான் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தால், சக்கரத்தைத் தொடும் மெல்லிய செம்புத் தகட்டில் களிம்பு ஏறிவிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தகட்டையும் சக்கரத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். பிறகு தகடு சக்கரத்தின் பின்பக்கத்தைத் தொடுகிறதா என்று பார்த்து, தொடாவிட்டால் இலேசாக வளைத்துவிடுங்கள்.

பேட்டரி வைத்தும் முனகல் மட்டும் கேட்கிறதா? பல ஆண்டு கிரீஸ் வேப்பம்பிசினாக இறுகிப் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாங்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது.

டிரை-ஆங்கின் எக்ஸ்-04 மோட்டாரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பிரஷ் ஸ்பிரிங்கின் ஒரு கையில் சின்ன இன்சுலேஷன் குழாய் இருக்கும். முன்பு கழற்றியவர் அதைத் தொலைத்திருந்தால் நேராக ஷார்ட். மெல்லிய ஒயரின் மேலுறையை உருவி மாட்டினால் சரியாகிவிடும். அதன் காந்தத்தைக் கழற்றவே வேண்டாம். இரும்புத் துண்டை இடைவைக்காமல் எடுத்தால் காந்தசக்தி குறையும். பிறகு இன்ஜின் மெதுவாக ஓடும், சீக்கிரம் சூடாகும்.

எதுவுமே செய்ய முடியாதது ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடித்து, கையில் உதிரும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். சட்டத்தில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் அந்த இன்ஜினை வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மயிலாடுதுறைக்காரர்கள் ஆசைப்படுவது நம் மீட்டர் கேஜ் வண்டிக்குத்தான். தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்த பாதை 1986-இல் நின்றது. மெயின் லைனும் பிறகு அகலப்பாதையானது. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. நீராவி இன்ஜினை 87-இல் ஒரு பங்காகச் செய்தால் தண்டவாள அகலம் ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர் வரும். டிரை-ஆங் டி.டி. தண்டவாளம் 12 மில்லிமீட்டர். ஆகவே உடல் உடைந்த டி.டி. இன்ஜின் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதன் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து ஓடவைத்துத் தயாராக வைத்திருங்கள், அதன்மேல் ஒய்.பி. உடலைக் கட்டுவது அடுத்த வாரம்.