ஃபோர்ஹேண்ட் அடிக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

பழவேற்காடு போனால், ஏரியில் வீச்சு வலை எறிபவரைக் கவனியுங்கள். கையை மட்டுமா வீசுகிறார்? இடுப்பைத் திருப்பி, முழு உடம்போடு எறிகிறார். டேபிள் டென்னிஸின் ஃபோர்ஹேண்டும் அப்படித்தான். கால் தரையை உந்த, இடுப்பு, தோள், முன்கை, மணிக்கட்டு என வேகம் படிப்படியாக ஏறுகிறது. கையை மட்டும் நம்பினால் தோள்தான் வலிக்கும்.

அவ்வளவு வேகமான பந்து மேசையைத் தாண்டிப் போகாதது ஏன்? மட்டையின் ரப்பர் பந்தை மேல்நோக்கி உரசி, முன்பக்கமாகச் சுழல வைக்கிறது. சுழலும் பந்து காற்றை மேலே தள்ள, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. இதுவே மாக்னஸ் விளைவு. பந்தின் எடை வெறும் 2.7 கிராம், சட்டென வளைந்து இறங்கிவிடும்.

சென்னையின் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் 2006இலும், 40 வயதில் 2022இலும் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். அவருடைய பெரிய பலமாக இருந்தது இந்த ஃபோர்ஹேண்ட். பழகுபவர்கள் அவர் ஆடிய ஆட்டங்களில் மட்டையைவிடக் கால்களைப் பார்ப்பது நல்லது.