மங்கையரும் மல்யுத்தமும்

மல்யுத்தமென்றதும் வீமனும் சராசந்தனும் பொருத களமே நம் நினைவுக்கு வரும். அக்களத்திற் பெண்களுக்கு என்ன வேலை என்று வினவுவோருமுளர். ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகள் இவ்வினாவிற்குத் தக்க விடை அளித்துள்ளன.

1990ஆம் ஆண்டளவில் அந்நாட்டுப் பாடசாலைகளில் மல்யுத்தஞ் செய்த மாணவியர் நூற்றுச் சொச்சம் பேரே. தனிப் போட்டிகள் இன்மையால் அவர்கள் ஆண்பிள்ளைகளோடு பொருதவேண்டியிருந்தது. 1998இல் ஹவாய் மாநிலமே முதன்முதலாக மாணவியர்க்கெனத் தனி மாநிலப் போட்டியை ஏற்படுத்தியது.

மேரிலாந்து மாநிலத்து ஹெலன் மறூலிஸ், சகோதரனின் பயிற்சிக்குத் துணையாக ஏழு வயதிற் களமிறங்கியவர். எதிர்காலமில்லாத விளையாட்டென்று பெற்றோர் தயங்கினர். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற் பெண்கள் மல்யுத்தமும் இடம்பெறுமென்ற செய்தி வந்தது, தயக்கமும் நீங்கிற்று. பாடசாலையில் ஆண்பிள்ளைகளோடு பொருதியே வளர்ந்த அவர், 2016இல் றியோ நகரில், மும்முறை தங்கம் வென்றிருந்த யப்பானிய வீராங்கனை சாவோரி யோஷிடாவைத் தோற்கடித்தார். பெண்கள் மல்யுத்தத்தில் அமெரிக்கா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே.

இன்று பெரும்பாலான மாநிலங்களில் மாணவியர்க்குத் தனிப் போட்டிகள் உண்டு. 2023–24 கல்வியாண்டிற் பங்குபற்றிய மாணவியர் தொகை 64,000ஐக் கடந்தது.

எதிராளியின் இரு தோள்களையும் விரிப்பில் அழுத்துபவர் வெற்றி பெறுவர். அதற்கு உடல்வலிமை மட்டும் போதாது. பொறுமையும் சமயோசித புத்தியும் வேண்டும். இவை பெண்களிடம் புதிதாக முளைத்தவையல்ல. அடைத்திருந்த வாயில் திறந்தது. அவர்கள் உள்ளே வந்தனர்.

நம் பெண்மக்கள் ஒரு விளையாட்டை விரும்பிக் கேட்கும்போது, அது உனக்குரியதன்று எனக் கூறுமுன் சற்றே சிந்திப்போமாக.