கொத்தானை அறிந்துகொள்வோம்

நமது கடற்கரைக் கிராமங்களில், உப்பங்கழி ஓரத்துத் தாழைப் புதர்களின் மீதும் மணல்மேட்டுச் செடிகளின் மீதும் இலையற்ற நூற்கொடி ஒன்று வலைபோல் படர்ந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இதுவே கொத்தான், நம் மண்ணுக்கே உரிய ஒட்டுண்ணிக் கொடி. (ரசத்திற்கு உதவும் முடக்கொத்தான் கீரை வேறு.)

உளுந்து, குதிரை மசால் முதலிய பயிர்களைப் பற்றி அழிக்கும் மஞ்சள் நூற்கொடி இதனின்றும் வேறானது. அவ்வகைக் கொடிகளுள் முக்கியமான ஒன்று வட அமெரிக்காவிலிருந்து பரவியதாகும். இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் நஷ்டம் சிறிதன்று. வயலில் கண்டதைக் 'கரையில் உள்ள கொடிதானே' என்று விட்டுவிட்டால், அது விதை முற்றி உதிர்ந்துவிடும். அவ்விதை பத்தாண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடிருக்க வல்லது. மாறாக, கரையில் கொத்தானைக் கண்டு அஞ்சிப் புதரையே கொளுத்திவிட்டால், மணலைத் தடுத்து நிற்கும் இயற்கை வேலியை இழப்போம்.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. கொத்தான் பச்சையாகவும் இருக்கும். வெயிலில் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறும். இரண்டுமே முளைக்கும்போது மண்ணில் வேரூன்றி, பற்றுச்செடி கிடைத்ததும் அவ்வேரை இழந்து, உறிஞ்சு உறுப்புகளால் பிழைப்பவை. ஆகவே பூவையும் காயையுமே பார்த்தல் வேண்டும். கொத்தானின் சிறு வெண்பூக்கள் ஒரு காம்பின் நெடுகிலும் தனித்தனியே அமையும். பெரிய இதழ்கள் மூன்று. காய் சதைப்பற்றுள்ள உருண்டை. உள்ளே விதை ஒன்றே. வயற்கொடியின் பூக்களோ உருண்டைக் கொத்தாக நெருங்கியிருக்கும். இதழ் பெரும்பாலும் ஐந்து. காய் உலர்ந்தது, விதை நான்கு வரை உண்டு. கொத்தான் இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தையும், மற்றது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பத்தையும் சேர்ந்தவை என்பது வியப்பிற்குரியதே.

வயற்கொடியைப் பூக்குமுன்பே, அது பற்றிய பயிரோடு சேர்த்துப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அறுத்த துண்டை வரப்பில் எறிந்தால் அடுத்த செடியைப் பற்றிக்கொள்ளும். விதை வாங்கும்போதும் கலப்பில்லாததைப் பார்த்து வாங்குதல் நலம்.

கொத்தான் முற்றிலும் தீங்கற்றது என்று நாம் கூறவில்லை. இளஞ்சவுக்கின் மீது அடர்ந்தால் கன்று நலியும். அங்கு, கொடி பற்றிய கிளைகளை மட்டும் வெட்டி அகற்றினால் போதும். புதரில் உள்ளதை விட்டுவிடலாம்.