குற்ற உணர்வும் குடும்ப வன்முறையும்
குடும்பத்துக்குள் ஒருவரை அடக்கிவைக்க எப்போதும் கை ஓங்க வேண்டியதில்லை. எல்லாம் தன்னால்தான் என்று அவரை நினைக்கவைத்தாலே போதும். தாய்வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவளிடம், "நீ போனதுலேர்ந்து அம்மாவுக்கு பிரஷர் ஏறிப்போச்சு, ஒரு வாய் சாப்பிடலை" என்கிறான் கணவன். அடுத்து வரும் தங்கையின் வளைகாப்புக்கு அவளே போகாமல் நின்றுவிடுகிறாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சாயத்து வைத்தாலும் எடுத்துச் சொல்ல அவளிடம் எதுவும் இருக்காது.

செய்த செலவைச் சொல்லிக்காட்டுவதும், நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாததும் இந்த வகைதான். அடித்துவிட்டு, "என்னை அடிக்க வெச்சதே நீதான்" என்பது இதன் உச்சம். தட்டிக்கேட்டால் மறுப்பது, கேட்டவர் மீதே பாய்வது, பிறகு தானே பாதிக்கப்பட்டவர்போல் அழுவது என்ற வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1997-இல் விவரித்தார்.

மனக்குறையைச் சொல்வதெல்லாம் வன்முறை ஆகிவிடாது. மன்னிப்புக் கேட்டதும் தீர்ந்துபோனால் அது வெறும் மனத்தாங்கல். எத்தனை முறை கேட்டாலும் பழைய கணக்கு திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் சம்பளமோ வேலையோ சிநேகிதமோ கைவிட்டுப் போனால் அது வேறு.

இந்தியாவில் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லாலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையை அடிக்குச் சமமாகவே வைக்கிறது. மனைவி மட்டுமல்ல, தாயும் சகோதரியும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்ணும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். மன உளைச்சலுக்கு 22-ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். உதவி எண் 181. ஆண்கள் மனுச் செய்ய இந்தச் சட்டத்தில் இடமில்லை என்பது குறைதான். முதியவர்கள், ஆணோ பெண்ணோ, 14567-ஐ அழைக்கலாம்.

காயத் தழும்பு இல்லாத வழக்கில் சான்றுதான் பெரிய சிக்கல். வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், தேதியிட்ட குறிப்புகள் உதவும். அவற்றின் நகல் நம்பகமான ஒருவரிடம் இருப்பது நல்லது, ஏனெனில் போனை வாங்கிப் பார்ப்பதும் இப்படி அடக்கிவைப்பவர்களின் வழக்கம். "நீ போனால் செத்துப்போவேன்" என்ற மிரட்டல் வந்தால் அலட்சியமும் வேண்டாம், பணிந்துபோகவும் வேண்டாம். 112-க்கோ மனநல உதவி எண் 14416-க்கோ தகவல் சொல்லலாம்.