ஓவியத்தில் ஓர் அலறல்

ஓவியம் இருவகைப்படும். கண் கண்ட பொருளைக் கண்டவாறே காட்டுவது ஒருவகை. உள்ளம் உற்ற உணர்ச்சியைக் கோட்டாலும் வண்ணத்தாலும் புலப்படுத்துவது மற்றொரு வகை. பின்னதற்குச் சிறந்த சான்று, நார்வே நாட்டு ஓவியர் எட்வர்டு மங்க் 1893-ஆம் ஆண்டில் தீட்டிய 'அலறல்' என்னும் ஓவியமாகும்.

மங்க் (1863–1944) இளமையிலேயே துயரம் அறிந்தவர். ஐந்து வயதில் தாயையும், பதின்மூன்று வயதில் தமக்கையையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஒருநாள் மாலை அவர் நண்பர் இருவருடன் நடந்து சென்றார். கதிரவன் மறைய, வானம் குருதிபோற் சிவந்தது. களைத்து நின்ற அவருக்கு, இயற்கை முழுவதையும் ஊடுருவி ஒரு பேரலறல் எழுவதாகத் தோன்றியது. நண்பர்களோ நடந்துகொண்டே இருந்தனர். இதனை அவரே எழுதி வைத்துள்ளார்.

படத்தின் முன்புறத்தில், பாலத்தின்மேல் ஓர் உருவம் நிற்கின்றது. அதன் தலையில் மயிர் இல்லை. முகம் மண்டையோடு போன்றது. ஆணோ பெண்ணோ என அறிதலும் அரிது. ஆதலின், அஃது அஞ்சி நடுங்கும் எவர்க்கும் பொதுவான உருவமாகின்றது.

விரைந்து காண்போர் அவ்வுருவமே அலறுகின்றது என்பர். அதன் கைகளை உற்று நோக்குதல் வேண்டும். அவை செவிகளைப் பொத்தியுள்ளன. தன் குரலைக் கேளாதிருக்கச் செவி பொத்துவார் உளரோ? எங்கும் எழும் அலறலைப் பொறுக்கலாற்றாமல் அது செவி பொத்துகின்றது. அச்சத்தால் வாய் திறந்து நிற்கின்றது. ஓவியர் எழுதிய குறிப்பும் இதற்கு அரண் செய்கின்றது.

இனிக் கோடுகளைக் காண்போம். செவ்வானமும் கருநீல நீரும் அலையலையாய் வளைகின்றன. அவ்வுருவத்தின் உடலும் அவற்றோடு சேர்ந்து வளைகின்றது. பாலத்தின் கைப்பிடி மட்டும் நேராக ஓடுகின்றது. அப்பாலுள்ள நண்பர் இருவரும் நிமிர்ந்தே நிற்கின்றனர். அலறல் அவர்களைத் தீண்டவில்லை. துணைவர் அருகிருந்தும் துயரில் தனித்திருத்தலை அக்கோடுகள் உணர்த்துகின்றன.

1895-ஆம் ஆண்டில் இப்படம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஓவியர் மனநலம் குன்றியவர் என்னும் பழிச்சொல் எழுந்தது. படத்தின் மேல்மூலையில், பித்தன் ஒருவனே இதனைத் தீட்டியிருக்க இயலும் என்னும் பொருளுடைய வரி கரிக்கோலால் எழுதப்பட்டுள்ளது. அது பிறர் எழுதியது என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். 2021-ஆம் ஆண்டில், அஃது ஓவியரின் கையெழுத்தே என ஆஸ்லோ நகரிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தார் ஆராய்ந்து அறிவித்தனர். பழிச்சொல் தந்த புண்ணே அவரை அவ்வாறு எழுதச் செய்தது போலும்!

ஓவியத்தைக் கண்டதும் எழும் உணர்ச்சியைப் போற்றுக. பின், அவ்வுணர்ச்சி எந்தக் கோட்டினின்றும் எந்த வண்ணத்தினின்றும் பிறந்தது என ஆராய்க. அங்ஙனம் பழகிய கண், அருகிருப்போர் வாய்விட்டுக் கூறாத துன்பத்தையும் கண்டுகொள்ளும். கண்டும் காணாது நடந்து செல்லாது.